கார்புரேட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். ஒரு தம்ளர் அளவு கைக்குப் பழகிவிட்டது. ஆறேகாலுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி, வண்டிகள் நிற்கும் தரைத்தளத்துக்குப் போனான்.

தூணோரம் நின்ற ஸ்கூட்டரின் மேலிருந்து பழைய படுக்கை விரிப்பை எடுத்து நாலாக மடித்தான். கிக்கரை உதைத்தான். நாலாவது உதைக்கு எஞ்ஜின் எழுந்தது. மூன்று நிமிடம் ஓடவிட்டான். அணைத்தான். விரிப்பைப் போர்த்தினான்.

மனைவி போய் ஏழு மாதம். ஏழு மாதமாக இதுதான் காலை. அவள் வண்டியை அவன் ஒருநாளும் தெருவுக்குக் கொண்டுபோனதில்லை. பேட்டரி படுத்துவிடக் கூடாதே என்பான். கேட்பவர்களும் அதற்குமேல் தோண்டுவதில்லை.

அந்த மூன்று நிமிடமும் ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கிப் பிடித்தபடியே நிற்பான். கையை எடுத்ததே இல்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்றோடு அது முடிகிறது. பத்து மணிக்கு மச்சான், அவளுடைய அண்ணன், வருகிறார்.

போன ஞாயிறு அத்தை, அவளுடைய அம்மா, போனில் கேட்டார். "தம்பி, சின்னவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. போக ரெண்டு பஸ், வர ரெண்டு பஸ். அந்த வண்டி சும்மாதானே நிக்குது? வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

வண்டி பாவம் பண்ணவில்லைதான்.

"அண்ணன் வந்து ஒருதரம் பார்த்துட்டா நான் எடுத்துக்கறேன் மாமா" என்று சின்னவளும் போனை வாங்கிப் பேசினாள். "அக்கா வண்டியை வேற யாரும் ஓட்டக்கூடாது. நான்தான் ஓட்டுவேன்."

சரி என்றான். வேறு என்ன சொல்வது?

அவன் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டான் என்பதால், தெருமுனை டீக்கடையில் ஞாயிறுதோறும் கூடும் வண்டிப் பைத்தியங்கள் அவனுக்கு வைத்த பெயர் அளவுகோல். மச்சானுக்குப் பெயர் காது. மெக்கானிக். எஞ்ஜின் மேல் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் காதுக்காரர் ஏழு மாதமாக ஸ்கூட்டர் தொடுவதில்லை. பட்டறை வாசலில் யாராவது ஸ்கூட்டரோடு வந்து நின்றால், "பக்கத்துக் கடைக்குப் போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் விழுந்தது நாற்சந்தியில். திரும்பும்போது நடுச்சாலையில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த வேன் தட்டியது. பெரிய இடியில்லை. வண்டிக்கு ஒரு கண்ணாடி உடைந்து, பக்கவாட்டில் நாலு கீறல், அவ்வளவுதான். அவள் போய் விழுந்தது நடுச்சுவரின் விளிம்பில்.

ஏன் நடுவில் நின்றாள்? போன் வந்ததா? பயந்துவிட்டாளா? துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு அவன் மறுபடி கீழே இறங்கினான். கையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர். சீட்டுக்குக் கீழிருந்த மூடியின் முன்னால் உட்கார்ந்தான். உள்ளே கார்புரேட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்ஜினுக்குக் கொடுப்பது. அதில் இரண்டு ஸ்க்ரூ. ஒன்றை ஒரு சுற்று, மற்றொன்றை அரைச்சுற்று. முப்பது வினாடி வேலை. முடித்துவிட்டால் வண்டி ஒழுங்காக ஓடும். சின்னவள் பத்திரமாகப் போய் வருவாள். யாருக்கும் எதுவும் தெரியாது.

ஏழு மாதத்தில் இப்படி எத்தனை முறை உட்கார்ந்திருப்பான் என்று அந்த அளவுகோலிடம் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் கை மூடி வரைக்கும் போகும். அங்கேயே நின்றுவிடும். திருப்பிவிட்டால் நடந்தது நடக்காத மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றும்.

இன்றும் கை நின்றது. அதற்குப் பதிலாக ஒரு கோழைத்தனம் செய்தான். வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டான். எஞ்ஜின் சூடாக இருந்தால் ஒருவேளை அணையாமல் தாக்குப்பிடிக்கும். அந்த ஒருவேளையை நம்பி வியர்த்துக்கொண்டு நின்றான்.

மச்சான் தனியாக வரவில்லை. கூடவே சின்னவள், அவளுக்குப் பின்னால் டீக்கடைக் கூட்டத்தில் இருவர். ஒருவர் கார்க்காரர். பத்து வருடத்தில் ஒன்பது பழைய கார் வாங்கி விற்றவர். இன்னொருவனுக்கு ரெண்டு சிலிண்டர் என்று பெயர். அவனிடம் இருக்கும் மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு சிலிண்டர். பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

"காது திரும்ப ஸ்கூட்டர் தொடறார்னு தெருவே பேசுது. அதான் பார்க்க வந்தோம்" என்றார் கார்க்காரர்.

மச்சான் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து எஞ்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கே மாப்ள."

"இப்பதான் ஓடவிட்டேன் மச்சான். நீங்க வர்றீங்கன்னு."

"பழைய வண்டி விக்கிறவன்தான்யா ஆள் வர்றதுக்கு முன்னாடி சூடு பண்ணி வைப்பான்" என்று சிரித்தான் ரெண்டு சிலிண்டர். "அளவுகோல், உங்க மச்சினிக்கே வண்டி தள்ளிவிடறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் உதட்டை விரித்துவைத்தான்.

"சூட்டுல எந்த எஞ்ஜினும் நல்லபிள்ளை மாதிரிதான் பேசும்" என்றார் மச்சான். "ஆறட்டும். டீ குடிச்சிட்டு வருவோம்."

டீக்கடையில் முக்கால் மணி நேரம். அவனுக்கு அது முக்கால் நாள்.

"சின்னவளே, எதுக்குப் பழைய ஸ்கூட்டர்? புதுசா கியர் வண்டி எடுத்து ஓட்டு" என்றான் ரெண்டு சிலிண்டர். "ஸ்கூட்டர் எஞ்ஜின்லாம் என்ன எஞ்ஜின்? தையல் மிஷின். என் வண்டியைக் கேட்டிருக்கியா? பாட்டு."

"பாட்டா? போன வாரம் அந்தப் பாட்டை நானும் நாலு பேரும்தான் பாலம் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனோம்" என்றார் கார்க்காரர்.

"அது பெட்ரோல் தீர்ந்துபோச்சு சார்."

"தீராம? ரெண்டு வாயால குடிச்சா?"

"எனக்கு பாட்டெல்லாம் வேணாம்" என்றாள் சின்னவள். "திருப்பத்துல சொன்னபேச்சு கேட்டா போதும். இன்னும் எனக்குத் திரும்பறதுன்னாதான் கை நடுங்குது."

டீத் தம்ளர் அவன் விரலைச் சுட்டது. சுடுகிறது என்று தெரிந்தும் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"மைலேஜ்னு பார்த்தா அந்த ஸ்கூட்டரை அடிச்சுக்க ஆளில்ல" என்றார் கார்க்காரர் திடீரென்று. "ஒரு லிட்டருக்கு அம்பத்தெட்டு. நம்ம எல்லாரையும் கழுவ வெச்ச வண்டியாச்சே."

கார்க்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அது இந்தக் கூட்டத்தின் விளையாட்டு. டேங்க்கைக் காலி செய்து, எல்லா வண்டியிலும் சரியாக ஒரு லிட்டர் ஊற்றி, ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். கடைசியாக எது நிற்கிறதோ அது ஜெயித்தது. தோற்றவர்கள் சேர்ந்து ஜெயித்த வண்டியைக் கழுவ வேண்டும். "அந்த ஸ்கூட்டர் ஐம்பதைத் தாண்டாது, நான் ட்யூன் பண்ணின வண்டி எனக்குத் தெரியாதா" என்று சவால் விட்டவர் மச்சான். தாண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன். தாண்டியது. மச்சான் வாளியும் துணியுமாகக் குனிந்து கழுவ, அவள் சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, "அண்ணே, அந்தச் சக்கரத்துல இன்னும் சேறு இருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பதினோராம் நாள் அவள் இல்லை.

"வா மாப்ள. ஆறியிருக்கும்" என்று எழுந்தார் மச்சான்.

தரைத்தளத்தில் அவர் முதலில் எஞ்ஜினைத் தொடவில்லை. ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினார். சுற்றியது. பிரேக்கை அழுத்தினார். நின்றது. விட்டார். மறுபடி சுற்றியது. பத்துப் பதினைந்து முறை அதையே செய்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இறுகல."

"என்னண்ணே?" என்றாள் சின்னவள்.

"அதுக்கு மூணு வாரம் முன்னாடி நான்தானே புது பிரேக் ஷூ போட்டேன். அது சக்கரத்தோட இறுகி வண்டியை நிப்பாட்டிடுச்சோன்னு..." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "ஏழு மாசம்டி. ராத்திரி பகல்னு இல்ல. வந்து பார்க்கவும் தைரியமில்ல. இறுகல பாரு. எப்படி சுத்துது பாரு."

ஏழு மாதத்தில் முதல்முறையாக மச்சான் சிரித்தார். அதைப் பார்த்து ரெண்டு சிலிண்டரும் சிரித்தான். அவன் மட்டும் சுழலும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்த மனிதர் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். ஒரே தெருவில். வாரம் ஒருமுறை பார்த்த முகம்.

"ஸ்டார்ட் பண்ணு மாப்ள. உன் கைக்குத்தான் பழகியிருக்கும்."

உதைத்தான். மூன்று. நாலு. எழுந்தது. வலது கை தானாக ஆக்ஸிலேட்டரைப் பிடித்தது.

மச்சான் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். "பிஸ்டன் நல்லா இருக்கு. பெல்ட் நல்லா இருக்கு." கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஆக்ஸிலேட்டரை விடு."

அவன் விடவில்லை.

"மாப்ள. கையை எடு."

"கொஞ்சம் சூடாகட்டும் மச்சான்..."

"கையை எடுன்னேன்."

எடுத்தான்.

எஞ்ஜின் ஒருமுறை விக்கியது. இன்னொருமுறை விக்கியது. அணைந்தது.

எங்கோ மேல்மாடியில் யாரோ பக்கெட்டை நகர்த்தும் சத்தம்.

மச்சான் கண்ணைத் திறந்தார். அவரே உதைத்துக் கிளப்பினார். ஆக்ஸிலேட்டரை விட்டார். அணைந்தது. மறுபடி. மறுபடியும் அணைந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று அவன் கவனிக்கவில்லை.

"ஆக்ஸிலேட்டரை விட்டா வண்டி மெதுவா ஓடிக்கிட்டே இருக்கணும். ஐட்லிங். திரும்பும்போது யாரா இருந்தாலும் ஆக்ஸிலேட்டரை விடுவாங்க" என்றார், யாரிடமோ பாடம் ஒப்பிப்பது போல. "விட்டிருப்பா. அமந்திருக்கும். நடுரோட்டுல."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதோ வந்துவிட்டது என்று அவன் நினைத்தான். மூடியைக் கழற்றுவார். ஸ்க்ரூவைப் பார்ப்பார். யாரோ திருகியிருப்பது தெரிந்துவிடும். திரும்பி என்னைப் பார்ப்பார். அடிப்பார். அடிக்கட்டும். ஏழு மாதமாக அவன் அதற்குத் தயாராக இருந்தான்.

மச்சான் மூடியைக் கழற்றினார். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் புள்ளி" என்றார்.

"என்ன?"

"என் புள்ளி அப்படியே இருக்கு மாப்ள."

மச்சானின் வேலைமுறை அது. ஸ்க்ரூவைச் சரியான இடத்தில் வைத்ததும், பாதி ஸ்க்ரூ மேலும் பாதி கார்புரேட்டர் உடம்பின் மேலுமாக ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுவார். வேறு யாராவது திருகினால் புள்ளி இரண்டாகப் பிளந்துவிடும். பெரிய தங்கை போட்டு மிச்சம் வைத்த சிவப்பு பாலிஷ்தான். அவர் பட்டறையில் இன்னும் மூன்று குப்பி இருக்கிறது.

இந்த இரண்டு ஸ்க்ரூ மேலும் புள்ளி பிளக்கவில்லை. வட்டமாக, முழுசாக, பொட்டு வைத்தது போல இருந்தது.

"யாரும் தொடல. நான் வெச்ச இடத்துலயே இருக்கு. நான்தான் குறைச்சு வெச்சிருக்கேன்." மச்சானின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அம்பத்தெட்டு எப்படி வந்துச்சுன்னு இப்பதானே புரியுது. ஐட்லிங்கைக் குறைச்சு, காத்தைக் கூட்டி விட்டா வரத்தான் செய்யும். நான் பண்ணின தப்புலதான் நீ ஜெயிச்சிருக்க மாப்ள. அப்பவே என் காது போயிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியல. கழுவிக்கிட்டு நின்னேன்."

"காது, அப்படியெல்லாம் பேசாதீங்க" என்றார் கார்க்காரர்.

"அந்தப் பேர் வேணாம் சார்." ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்து, சின்னவளிடம் நீட்டினார். "இதை வீட்டுல போடு. நாளைக்குப் பட்டறை திறக்கல. நாளன்னைக்கும் திறக்கல, அதுக்கு அப்புறமும் திறக்கல. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன், யாரால போனான்னு."

மாட்டிக்கொள்வதற்குத்தான் அவன் தயாராக இருந்தான். மாட்டாமல் போவதற்குத் தயாராக இல்லை.

இந்தப் புள்ளியை அவன் மறந்தே போயிருந்தான். ஏழு மாதமாக ஸ்க்ரூவை நினைத்தானே தவிர, அதன் மேல் இருந்த பொட்டை ஒருநாளும் நினைக்கவில்லை. போட்டிக்கு முந்தின நாள், இதே தூணோரம். அவன் பழைய புள்ளியை நகத்தால் சுரண்டினான். ஸ்க்ரூக்களைத் திருகினான். பிறகு அவர் வைத்தது போலவே புதிதாகப் புள்ளி வைத்தான். போட்டி முடிந்ததும் பழையபடி திருப்பிவிடுவதாக இருந்தான். வர்ற ஞாயிறு, வர்ற ஞாயிறு என்று ஒரு ஞாயிறு போயிற்று.

மச்சான் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார். படியைப் பார்த்து நடந்தார். நாலு அடி. ஐந்து அடி.

பேசாமல் இருந்தால் போதும். அவ்வளவுதான் செய்ய வேண்டும். இந்த ஏழு மாதமாக அவன் நன்றாகச் செய்துவந்த ஒரே வேலை அது.

"மச்சான்."

அவர் திரும்பவில்லை.

"மச்சான், அது உங்க புள்ளி இல்ல."

நின்றார்.

"நான் வெச்சது. உங்க புள்ளியைச் சுரண்டிட்டு, ஸ்க்ரூவைத் திருகிட்டு, மேல நான் வெச்சேன். போட்டிக்கு முந்தின நாள். ஜெயிக்கணும்னு."

கார்க்காரரும் ரெண்டு சிலிண்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சின்னவள் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்து உருண்டது. அது நிற்கும் வரை எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"பாலிஷ்?" என்றார் மச்சான். அவ்வளவுதான் கேட்டார்.

"அவதான் குடுத்தா. டார்ச்சும் பிடிச்சா. 'கண்டுபிடிச்சா அண்ணன் தோலை உரிச்சிடுவான்'னு சிரிச்சா."

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள் சின்னவள். "தெரிஞ்சேதான் ஓட்டினாளா? அன்னைக்குக் காலையில உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா மாமா? 'போயிட்டு வர்றேன்'னு மட்டும்தான் சொன்னான்னு நீங்கதானே சொன்னீங்க? அம்மா அதையே பிடிச்சுக்கிட்டு இருக்காங்களே. வர்றேன்னு சொல்லிட்டுப் போனாளாமே, வர்றேன்னு சொல்லிட்டுப் போனாளாமேன்னு."

மச்சான் திரும்பி நடந்து வந்தார். ஒரு கை தூரத்தில் நின்றார். கை மடங்கியிருந்தது.

"சொல்லு மாப்ள. என்ன சொன்னா?"

துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டபோது, எல்லா வீட்டிலும் சொல்வதை அவனும் சொல்லிவைத்தான். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு மாற்ற முடியவில்லை.

அன்று காலை அவள் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்திருந்தாள். எஞ்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திப் பேசினாள். அவன் இந்தத் தூணில் சாய்ந்து, தலையை ஆட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று கையால் சைகை காட்டினான்.

மச்சானின் முகத்தைப் பார்த்தே சொன்னான். அவள் சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல்.

"திருப்பத்துல ரெண்டு தடவ அமந்துடுச்சுங்க. ஞாயித்துக்கிழமை மறக்காம நீங்களே சரி பண்ணிடுங்க. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், வண்டியெல்லாம் கழுவிக் குடுத்தான்."